ஒரே டப்பாவில் இருந்தவை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் மறுக்காமல் கோடு போட்ட தாள்களையும் ஒரு நீலப் பேனாவையும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். பேனா கொஞ்சம் கசிகிறது, பரவாயில்லை. இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருக்கிறேன். நீங்கள் ஏதாவது குறித்துக்கொள்ள வேண்டுமென்றால் வசதியாக இருக்கும்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற எல்லாப் புட்டிகளிலும் ஒட்டியிருப்பது என் எழுத்துதான். கெமிஸ்ட்ரி மிஸ் எழுதச் சொன்னார். அந்தப் பள்ளியில் என்னிடம் எதையாவது கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் ஊமைக்கோட்டான். எனக்குப் பேச வராது என்றில்லை. பேச ஆரம்பித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் மூன்று பேர் இருந்தோம். எனக்கு இடது பக்கம் அத்தை. அவளும் என் வயதுதான். பருத்த உடம்பு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி நியாயம் பேசுவாள் என்பதால் வகுப்பு அந்தப் பெயரை வைத்தது. வலது பக்கம் மிஷின். அவனுக்கு இரண்டு காதும் கேட்காது. வலது காதில் ஒரு கருவி மாட்டியிருப்பான். மாட்டினால் ஓரளவு கேட்கும், கழற்றினால் ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான ஒரு செல்லில் அது வேலை செய்யும். ஒரு செல் ஒரு வாரம் வரும்.

நாங்கள் நண்பர்களாக அங்கே உட்காரவில்லை. மற்ற பெஞ்சுகளில் எங்களுக்கு இடம் இல்லாததால் உட்கார்ந்தோம். எங்களை நண்பர்களாக்கியது கேப்டன்.

அவன் கால்பந்து அணியின் கேப்டன். விரலிடுக்கில் எப்போதும் ஒரு சோடா மூடியை உருட்டிக்கொண்டிருப்பான். ஒரு திங்கட்கிழமை காலை மிஷின் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேரும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். சத்தமில்லாமல் சிரித்தார்கள். கை தட்டுவதுபோல் கைகளைக் கொண்டுவந்து, ஒட்டாமல் நிறுத்தினார்கள். எல்லாம் ஒத்திகை பார்த்துச் செய்தது. மிஷின் கருவியைத் தட்டிப் பார்த்தான். செல்லை மாற்றினான். மறுபடியும் மாற்றினான். அவன் விரல்கள் நடுங்கியதில் ஒரு செல் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. அத்தை அன்று தாமதம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும், விஷயம் புரிந்திருக்கும். எனக்கு வரவில்லை. கடைசியில் யாரோ பேனாவைத் தவறவிட்டார்கள். அது விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

"என்னடா மிஷின், சர்வீஸ் பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டு கேப்டன் அந்தச் சோடா மூடியை மிஷினின் மேஜையில் வைத்தான். வகுப்பு இப்போது சத்தமாகச் சிரித்தது.

அத்தை எங்கள் இருவரையும் தலைமையாசிரியையிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஏதோ தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "விளையாட்டாத்தானே பண்ணியிருக்காங்க? நீங்களும் கொஞ்சம் கலகலப்பா பழகுங்கப்பா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் சீண்டத் தோணாது?"

வெளியே வந்ததும் அத்தை இடுப்பில் கை வைத்தாள். "சரி. இந்தம்மா கையக் கழுவிட்டாங்க. இனி நம்ம கதைய நாமதான் பாத்துக்கணும்."

இப்படித்தான் தொடங்கியது. இதை நான் சொல்வது எங்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்காக. அந்த நியாயத்தை யாரும் இதுவரை எழுத்தில் கேட்கவில்லை.

திட்டங்களை நான் என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். நோக்கம், தேவையானவை, செய்முறை. எதிர்ப் பக்கத்தில் சோதனை, கண்ணால் பார்த்ததை எழுதும் காண்பன, அதிலிருந்து தெரிந்ததை எழுதும் அறிவன. ஆய்வக ரெக்கார்டு எழுதுகிற அதே முறை. மிஷின் விழுந்து விழுந்து சிரித்தான். "கோட்டான், இதுக்கும் மார்ஜின் போடுவியா?" என்றான். அவன் வாயில் அந்தப் பெயர் வேறு மாதிரி இருந்தது.

ஆய்வகத்தில் ஒரு நிறமற்ற திரவம் உண்டு. சோப்பு போன்ற காரம் பட்டால் ரோஜா நிறமாகும். யாருக்கும் தீங்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளுத்துவிடும். கால்பந்து அணிக்காரர்கள் தங்கள் வெள்ளைச் சீருடையைப் பள்ளிக் குழாயடியில் அவர்களே அலசிக் காயப்போடுவார்கள். நாங்கள் அதில் தெளித்து உலர வைத்துவிட்டோம். மறுநாள் ஆட்டம் முடிந்து கேப்டன் சோப்பு போட்டான். வாளி ரோஜா நிறமானது. கறை என்று நினைத்து இன்னும் சோப்பு போட்டான். இன்னும் சிவந்தது. பதினோரு பேரும் முழங்கை வரை நுரையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். குழாயடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி, இப்படியொரு தொண்டைய எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?" என்றாள் அத்தை. "நீ கத்தினா ரோட்டுல போற வண்டிகூட நிக்கும்."

காயப்போடும் கயிற்றில் வெற்று வரைபடத் தாளில் ஒரு சதுரம் வெட்டிக் கிளிப்பில் மாட்டிவிட்டு வந்தோம். அது எங்கள் அடையாளம். அவர்கள் அடையாளம் சோடா மூடி. அதன் பிறகு யார் எதைச் செய்தாலும் அடையாளத்தை வைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரு தரப்பும் நேர்மையாக இருந்தோம். அத்தையின் டிபன் பாக்ஸில் சுண்ணக்கட்டித் தூள், மேலே மூடி. மிஷினின் பையில் ஈர மணல், அடியில் மூடி. அவர்கள் ஷூக்களின் கயிறுகள் எல்லாம் ஒரே முடிச்சாக, நடுவில் சதுரம். நான்கு மாதம் போயிற்று. மற்றவற்றையும் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நான்கு மாதமும் நான் மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் காலத்தில்தான் மிஷின் தீர்ந்துபோன செல்களை என்னிடம் தர ஆரம்பித்தான். குப்பையில் போட்டால் மண்ணுக்குக் கெடுதல் என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு மிட்டாய் டப்பாவில் சேர்த்தேன். விளையாட்டு பீரியடில் கருவி வியர்வையில் நனையக் கூடாது என்று அதையும் கழற்றி என்னிடம்தான் கொடுப்பான். பஞ்சு வைத்த என் ஜியோமெட்ரி பாக்ஸில் அது இருக்கும். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டான்.

பிறகு கேப்டன் சமாதானத்துக்கு வந்தான். ஆய்வகத்துக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றிருந்தான். "போதும்டா மிஷின். எங்கம்மா என் ஷூவ மோந்து பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ளயே விடுறாங்க. தோத்துட்டோம்னே வச்சுக்க."

அத்தை விடவில்லை. "அன்னிக்குப் பண்ணினதுக்கு மன்னிப்புக் கேளு."

அவன் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டான். பாதியில் நினைவு வந்து, மிஷினுக்கு உதடு தெரியும்படி நிமிர்ந்து மறுபடியும் கேட்டான்.

அதோடு முடிந்திருந்தால்கூட நாங்கள் மூன்று பேராகவே இருந்திருப்போம். ஆனால் அவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். மிஷின் உதட்டசைவைப் படிப்பான். மைதானத்தின் அந்தக் கோடியில் எதிரணிப் பயிற்சியாளர் தன் ஆட்களிடம் கிசுகிசுப்பதை இந்தக் கோடியிலிருந்து அப்படியே சொல்லுவான். முதல் போட்டியில் இரண்டு கோல் அவனால் கிடைத்தது. பி.டி. சார் அவனைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். மிஷின் என்ற பெயரை அணிக்காரர்கள் இப்போது கூச்சலிட்டுக் கொண்டாடினார்கள்.

அவன் மைதானத்தில் சாப்பிட ஆரம்பித்தான். அத்தை மதியத்தில் கணக்குச் சிறப்பு வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். "சண்டை முடிஞ்சா நல்லதுதானேடி. நானும் பாஸாகணும்" என்றாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அது திறக்கிற சத்தம் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

மிஷின் என்னையும் கூப்பிட்டான். அதை மறைக்க விரும்பவில்லை.

"நீயும் வாயேன் கோட்டான். அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல."

"அன்னிக்கு வாய அசைச்சாங்களே."

"அதையும் படிச்சேன்ல. ஒருத்தன் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டிருந்தான். ஒருத்தன் ஹோம்வொர்க் முடிக்கலன்னு புலம்பிட்டிருந்தான். வீட்டுக்குப் போயி யோசிச்சா சிரிப்பா வந்துச்சு."

அவன் மறந்துவிட்டான். நடுங்கிய விரல்களை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. அவர்கள் என்றாவது ஒருநாள் மறுபடியும் அப்படிச் செய்வார்கள், அப்போது அவன் உடைந்துபோவான் என்று எனக்குத் தோன்றியது. முன்கூட்டியே சின்ன அளவில், பாதுகாப்பான இடத்தில் அது நடந்துவிட்டால் அவனுக்குத்தான் நல்லது. தடுப்பூசி அப்படித்தானே வேலை செய்கிறது. நான் செய்தது அவர்கள் செய்திருக்கக்கூடியதைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டு பீரியடில் டப்பாவிலிருந்து ஒரு தீர்ந்த செல்லை எடுத்து அவன் கருவியில் போட்டேன். தீர்ந்த செல் சும்மா கிடந்தால் கொஞ்சம் உயிர் பிடித்துக்கொள்ளும். கருவியை உள்ளங்கையில் பொத்தினால் மெல்லிய விசில் வரும். விசில் நின்றால் செல் செத்துவிட்டது என்று அர்த்தம். இருபத்து மூன்று நிமிடத்தில் நின்றது. அவனுடைய நல்ல செல்லைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை ரெக்கார்டில் எழுதினேன். எழுதியிருக்க வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். செய்து பார்த்ததை எழுதாமல் விட எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு செல்லைப் போட்டேன். முதல் செல்தான் சோதனையில் தீர்ந்துவிட்டதே. அவன் மாற்றுச் செல் வைத்திருக்கும் சின்னப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, செல்லை எடுத்துவிட்டு, மைதானத்தில் பொறுக்கிய ஒரு சோடா மூடியை உள்ளே வைத்தேன். மாற்றுச் செல் இருந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. அடுத்த பீரியட் கெமிஸ்ட்ரி. மிஸ் இருப்பார், அவன் உட்கார்ந்திருப்பான், நான் பக்கத்தில் இருப்பேன். அவன் பெட்டியைத் திறப்பான், மூடியைப் பார்ப்பான். அன்று மாலை போட்டிக்கு அவன் போக மாட்டான்.

அந்தப் பீரியடில் இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. அவன் மிஸ் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி பீரியடிலும் அவனுக்குக் கேட்டது. அங்கேதான் என் தவறு. ஒரே டப்பாவில் இருந்ததால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எது எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்து வித்தியாசப்படும். பாடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் லாரி வரும். உள்ளே வண்டியைத் திருப்ப இடமில்லை. தொட்டியை நிரப்பிவிட்டுப் பின்பக்கமாகவே வாசலுக்கு எடுப்பார்கள். நான் தாழ்வாரப் படியில் நின்றிருந்தேன். லாரிக்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டு ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "தள்ளி நில்லும்மா, வண்டி பின்னால எடுக்கணும்" என்றார். "சரி" என்றேன். தலையாட்டினார்.

மிஷின் ஓட்டமாகப் போனான். மைதானம் சாலைக்கு அந்தப் பக்கம். கேப்டன் எதிரே நின்று கையைக் காட்டினான். வாசலைத் தாண்டும் இடத்தில் மிஷின் நின்றான். சாலையைப் பார்த்தபடி, லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கருவியைக் கழற்றினான். அதன் குட்டிக் கதவைத் திறந்து பார்த்தான். பையிலிருந்து பெட்டியை எடுத்தான். லாரி நகர ஆரம்பித்தது. வழக்கமாக வாட்ச்மேன் பின்னால் நின்று "வா, வா" என்று குரல் கொடுப்பார். அன்று காற்றில் வாசலின் ஒரு கதவு சாத்திக்கொண்டதால் அதற்குக் கல் அணை கொடுக்கக் குனிந்திருந்தார். கேப்டன் எதையோ கத்தினான். நடுவில் ஒரு பேருந்து வந்து மறைத்தது. உதடும் தெரியவில்லை, சத்தமும் வரவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியிருந்தாலும் மிஷினுக்குக் கேட்டிருக்காது. அவனுக்கும் எனக்கும் நடுவே முப்பது அடியாவது இருக்கும், ஓடியிருந்தாலும் எட்டியிருக்க முடியாது. இதை நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவன் பிழைத்துவிட்டான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

அவன் கருவியில் தீர்ந்த செல்லும் பெட்டியில் சோடா மூடியும் இருந்ததால் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கேப்டன் இல்லை என்று சொன்னான். அழுதான். முன்பு சோடா மூடி வைத்துவிட்டு ஆசிரியர்கள் கேட்டபோதெல்லாம்கூட இல்லை என்றுதான் சொல்லியிருந்தான். பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். லாரிக்காரர் அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

மிஷினின் அப்பா தையல்காரர். முன்னறையில் தைப்பார், உள்ளறையில் அவன் படுத்திருப்பான். ஐந்து மாதமாகத் தினமும் நாலரைக்குப் போகிறேன். அன்றன்றைய பாடத்தை எழுதிக் கொடுப்பேன். அவன் கருவியை இப்போது மாட்டுவதில்லை. எதற்கு என்று எழுதிக் காட்டினான். நாங்கள் ஒரே நோட்டில் மாறி மாறி எழுதிப் பேசிக்கொள்கிறோம். "நீ வந்தாத்தாம்மா இவன் தலையத் தூக்கிப் பாக்குறான். நாங்க எதச் செஞ்சும் ஒண்ணும் ஆகல" என்று அவன் அப்பா ஒருநாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் கோத்துக் கொடுத்தேன்.

கேப்டன் இரண்டு முறை அந்த வீட்டு வாசலுக்கு வந்தான். அவர் உள்ளே விடவில்லை. பிறகு அத்தை மூலமாக மூன்று கடிதங்கள் கொடுத்தனுப்பினான். அத்தை என்னிடம் கொடுத்தாள். அவை என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். கோழி கிளறின மாதிரி எழுத்து. மிஷினால் படித்திருக்க முடியாது.

போன வாரம் பரீட்சைக்காக அத்தை என் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் போனாள். திரும்பி வந்து கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை இடுப்பில் கை இல்லை.

"இருபத்து மூணு நிமிஷம்னா என்னடி இது?"

நான் அந்தப் பக்கத்தின் மார்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோட்டான், வாயத் திறந்து ஏதாவது சொல்லித் தொலைடி. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னாவது சொல்லு."

அவள் நின்று அழுதாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு நோட்டோடு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் எங்களோடு இருந்த நாட்களில் நல்லவளாகத்தான் இருந்தாள்.

இதுவரை எழுதியதை நீங்கள் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். மிஷினுக்குக் கேட்காது, சரி, லாரிக்காரருக்குக் கேட்டிருக்குமே என்று. அதற்கும் எழுதுகிறேன்.

ஆமாம். அவருடைய ஜன்னல் என்னிடமிருந்து நான்கு அடி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோதே நான் மெதுவாகச் சொன்ன "சரி" அவருக்குக் கேட்டது. எனக்குத் தொண்டையும் அடைத்துக்கொள்ளவில்லை. அங்கே யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் கத்துவதற்காக வாயைத் திறந்தேன். அப்போது மிஷின் பெட்டியைத் திறந்தான். மூடியைப் பார்த்தான். பக்கவாட்டில் எனக்குத் தெரிந்த அவன் முகம் எப்படி மாறும் என்று நான் காத்திருந்தேன். அவன் கோபப்படவில்லை. பயப்படவும் இல்லை. அந்த மூடியை இரண்டு விரலால் உயர்த்தி, சாலைக்கு அந்தப் பக்கம் கேப்டன் நின்ற திசையில் காட்டிச் சிரித்தான். நண்பன் செய்த விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டவன் சிரிக்கிற மாதிரி.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

காண்பன என்ற இடத்தில் இதை எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

நேரம் நாலு பத்து. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். இந்தத் தாள்களை அவனிடம் மட்டும் காட்ட வேண்டாம். என் எழுத்து அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பிறகு என்னை அனுப்பிவிட்டீர்கள் என்றால் நாலரைக்குள் நடந்தே போய்விடுவேன். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.